முனிராஜின் மேலதிகாரிக்கு ஒரு மெயில்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒருவர், "இதை யாராச்சும் எடுத்துச் செஞ்சா நல்லா இருக்கும்" என்று பெருமூச்சு விட்டால் போதும், அந்த 'யாராச்சும்' நான்தான் என்று முடிவு செய்துவிடுவேன். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் ஓணானுக்கு வழிகாட்டிப் பலகையே வைக்கிறவன்.

அப்படித்தான் எங்கள் தெருவுக்கு மெயில் குரூப் ஆரம்பித்தேன்.

ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம், பதினெட்டு வீடுகள் கொண்ட தெரு எங்களுடையது. கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நான், சேலத்துக்காரர்கள், வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் என்னிடம் தமிழும் பேசுகிற உள்ளூர்க்காரர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது சாக்கடை நாற்றம் ஒன்றுதான். கால்வாய் கிடையாது. கழுவிய தண்ணீர் வாசலிலேயே தேங்கிக் கொசு வளர்த்தது. என் மகள் யாழினி அந்த வருடம் இரண்டு தடவை காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள்.

ஒருவழியாக மாநகராட்சி மூலம் கால்வாய் கட்ட வழி பிறந்தது. ஒரே நிபந்தனை. படி, மேடை என்று தெருவுக்குள் நீட்டிக் கட்டியிருப்பதை எடுத்துவிடுகிறோம் என்று பதினெட்டு வீடும் சம்மதக் கடிதம் தரவேண்டும். சனிக்கிழமை இன்ஜினியர் அளவெடுக்க வருவார். ஒரு கடிதம் குறைந்தாலும் வேலை பக்கத்து லேஅவுட்டுக்குப் போய்விடும். விடக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

"அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்குல்லங்க" என்றாள் என் மனைவி செல்வி.

இருந்தது. அதில் 'சாக்கடை' என்று எழுதினால் அடுத்த நிமிடமே நாலு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து அதை மூடிவிடும். தவிர, பாதிப் பேரிடம் கம்பெனி கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மெயில் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். எழுத்தில் இருக்கும், அழியாது. (எழுத்தில் இருப்பதும் அழியாததும்தான் அதன் கேடு என்று அப்போது யாருக்குத் தெரியும்?)

பெயர், மெயில், அவசரத்துக்கு இன்னொரு மெயில் என்று தாளில் மூன்று கட்டம் போட்டு, வீடு வீடாக ஏறி எழுதி வாங்கினேன். பலன் உடனே தெரிந்தது. சானமாவு பக்கம் ரோட்டோரம் யானை நிற்கிறது என்று ஒருவர் போட்ட மெயிலைப் பார்த்து நாலு பேர் வேறு வழியாக வேலைக்குப் போனார்கள். சம்மதக் கடிதங்களும் மளமளவென்று வந்தன. தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு என்று பட்டியல் போட்டேன். வியாழக்கிழமை ஒரே ஒரு சிவப்புதான் மிச்சம். எதிர்வீட்டு முனிராஜ்.

"முனிராஜ் அண்ணே, லெட்டர்?"

"குடுக்கறேன் சார். எங்க ஓடிப் போவுது?"

இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வேதவாக்கு உண்டு. ஆள் அசையவில்லையா, மேலதிகாரியை சிசியில் போடு. முனிராஜின் அவசர மெயிலைப் பார்த்தேன். 'கே. வெங்கடப்பா' என்று இருந்தது. வெள்ளியன்று இருவருக்கும், கூடவே தெரு குரூப்புக்கும் எழுதினேன்:

'மூன்றாவது நினைவூட்டல். திரு. முனிராஜ் அவர்களின் வீட்டுப் படியால் முழுத் தெருவும் நாறுகிறது. அவருடைய மேலதிகாரி என்ற முறையில் தாங்கள் அவரைக் கண்டித்துத் தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.'

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த செல்வி, "வெங்கடப்பா யாருங்க?" என்றாள்.

"அவரோட மேனேஜர்."

"கேட்டீங்களா?"

"பேரைப் பாத்தாலே தெரியலையா?"

அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தக்காளி வண்டி ஒன்று எதிர்வீட்டு வாசலில் நின்றது. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் இறங்கி, படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நைட் ஷிப்டு முடிந்து வந்த முனிராஜ் அவரைப் பார்த்ததும் பைக்கை ஓட்டியபடியே தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

வெங்கடப்பா, முனிராஜின் மாமனார். ராயக்கோட்டை சந்தையில் தக்காளி வியாபாரி. பெங்களூர் ஆர்டரெல்லாம் மெயிலில் வருவதால் விடியற்காலையில் ஒன்று விடாமல் படிப்பவர். அந்தப் படி, மகள் கிரகப்பிரவேசத்துக்கு அவரே கிருஷ்ணகிரியில் நின்று அறுத்துக் கொண்டுவந்த கருப்பு கிரானைட்.

"இவருகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ரெண்டு வாரமா ரோசனை பண்ணிக்கினு இருந்தேன் சார்" என்றார் முனிராஜ் ஈனக்குரலில். "நீங்க ஒரே மெயில்ல சொல்லிட்டீங்க."

பெரியவர் என்னை விரலால் கூப்பிட்டார்.

"மேலதிகாரின்னு எழுதிக்கீறீங்க. எந்தக் கம்பெனிக்குங்க?"

நான் முனிராஜைப் பார்த்தேன். அவர் பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என் கல்லால தெரு நாறுதா? மோந்து பாருங்க."

குனிந்து மோந்தேன். (மஞ்சள் வாசனை. பரிசோதகனாக இதை நான் பதிவு செய்தாக வேண்டும்.)

"நாறலைங்க."

"அப்ப இது இங்கதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."

பத்து மணிக்கு இன்ஜினியர் வந்து கடிதங்களை எண்ணினார். "ரெண்டு குறையுதே."

"ஒண்ணுதான் சார். முனிராஜ்."

"ஒம்பதாம் நம்பர் வீடு யாருது?"

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. ஒன்பதாம் நம்பர் என் வீடு. மெயில் வந்தவர்களை எல்லாம் பட்டியலில் சேர்த்தவன், அனுப்பியவனைச் சேர்க்கவில்லை. பதினெட்டு வீட்டுத் தெருவுக்குப் பதினேழு பேர் பட்டியல் போட்டு, இரண்டு வாரம் பச்சையும் சிவப்பும் தீட்டியிருக்கிறேன். என் வாசலிலோ ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு. வெங்கடப்பா இன்ஜினியரின் டேப்பை வாங்கி அளந்தார். அவர் கல் ஒன்றரை அடி. என் சரிவு மூன்றடி.

"ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி" என்று நிதானமாக ஆரம்பித்தார்.

"கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று முடித்து வைத்தது வேறு யாருமில்லை, செல்வி.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கத்து லேஅவுட் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல வரேன். அதுக்குள்ள முடிச்சா இங்க, இல்லேன்னா அங்க."

ஓடிப்போய்க் கடிதம் எழுதி நீட்டினேன். பெரியவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

"காயிதம் யாரு வேணா எழுதுவாங்க. உங்க மெயிலும் நல்லாத்தான் இருந்தது."

கொசுவையும் யாழினியின் காய்ச்சலையும் நினைத்துக்கொண்டேன். முனிராஜ் வீட்டிலேயே கடப்பாரை வாங்கி, பதினேழு வீடும் வேடிக்கை பார்க்க, என் சரிவை நானே இடித்தேன். இடித்தேன் என்பது என் பேச்சு. சிமெண்ட்டுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினேன் என்பதுதான் சரி. அரை மணி நேரத்தில் உள்ளங்கையில் மூன்று கொப்புளம், சரிவில் சட்டி அளவுக்கு ஒரு பள்ளம். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் சிரித்துவிடுவார்.

கடைசியில் அவரே எழுந்து வந்தார்.

"கடப்பாரையை இப்பிடியா புடிப்பாங்க? குடுங்க இங்க." வாங்கி நாலே போடு. சரிவு இரண்டாகப் பிளந்தது. மருமகன் பக்கம் திரும்பி, "அல்லுடு, காயிதம் எழுதிக் குடு. கல்லு ஒடையாம எடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

கால்வாய் வந்துவிட்டது. கொசு குறைந்துவிட்டது. என் ஸ்கூட்டர் ஒரு பலகை வழியாக ஏறி இறங்குகிறது, நானும் இரண்டு முறை விழுந்துவிட்டேன். வெங்கடப்பா மட்டும் குரூப்பை விட்டுப் போகவே இல்லை. 'மூன்றாவது நினைவூட்டல்' என்ற அதே தலைப்பின் கீழ் தினமும் விடியற்காலை ராயக்கோட்டைத் தக்காளி நிலவரம் பதினெட்டு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. எடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஆரம்பிச்சவங்க வேணும்னா போகட்டும்" என்று தெருவே பதில் எழுதியது.

வீட்டில் நான் எதையாவது தள்ளிப்போட்டால் யாழினி போனைக் கையில் எடுப்பாள். "அப்பா, ராயக்கோட்டைக்கு ஒரு சிசி போடட்டா?"

போன மாதம், ஃபேன் துடைக்கிற விஷயத்தில், நிஜமாகவே போட்டுவிட்டாள். மறுநாள் விடியற்காலை, தெரு முழுக்கப் பிரதியோடு, பதில் வந்தது. ஒரே வார்த்தை:

'வரட்டுமா?'

நான் ஸ்டூல்மேல் நின்றபடிதான் அதைப் படித்தேன்.