முதுகு ஓட்டைக் காணவில்லை

"இதோட மேல் ஓடு எங்கே?" என்று கேட்டார் பொருள் சரிபார்ப்பு அதிகாரி.

கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை நீளத்தில் ஒரு புதைபடிவம், மெல்லிய தாங்கிகள் மேல் குப்புறக் கிடந்தது. அகன்ற விலா எலும்புகள், நீண்ட வால், தாடையில் பொடிப்பொடியாகப் பற்கள். பெட்டியின் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதில் அதன் வயிறு தெரிந்தது. வயிற்றில் மட்டும் தட்டையாக ஓர் ஓடு.

"இதுக்கு மேல் ஓடு கிடையாது சார்," என்றாள் பக்கத்தில் தூரிகையோடு நின்ற ஊழியப் பெண். அவள் குரல் எப்போதும் பாதி தூரம்தான் போகும்.

"என்னது?"

"மேல் ஓடு கிடையாது சார். இது ஆமைங்களோட ஆதி மூதாதை. முதல்ல வயித்துப் பக்கம்தான் ஓடு வந்துச்சு. முதுகு ஓடு வர இன்னும் ரொம்பக் காலம் ஆச்சு."

அதிகாரி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "இங்க 'ஆமை, ஒன்று'ன்னு போட்டிருக்கு. அரை ஆமைன்னு போடல. எத்தனை நாளா காணோம்?"

"காணோம்னு இல்ல சார். இருபத்திரண்டு கோடி வருஷமாவே இல்ல."

"இவ்வளவு காலமா தெரிஞ்சிருக்கு. ஏன் மேலிடத்துக்கு எழுதல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. 'பொருள் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

அந்த அருங்காட்சியகத்தில் அவளை எலும்புக்காரி என்பார்கள். விலங்கியல் படித்தவள், ஐந்து வருடமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிக ஊழியர் புதைபடிவத்தைத் தூசி தட்டலாம். தூக்கக் கூடாது, திருப்பக் கூடாது. அப்படி ஒரு விதியைத் தட்டச்சு செய்து சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். ஆகவே ஐந்து வருடமாக அந்தப் பிராணியின் முதுகைத் தூரிகையால் தடவிக்கொடுத்தாள். வயிற்றைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவர்களுடைய உறவு.

இந்த மாதம் அவளுடைய பணி நிரந்தர ஆணை வர வேண்டும். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அட்டை இருந்தால் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கும். இப்போது பொது ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு முறை, அதுவும் மெஷின் மனசு வைத்தால்.

"குறைவுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு," என்றார் இயக்குநர். மேஜையில் அவளுடைய ஆணை கையெழுத்துக்காகக் கிடந்தது. "அதைத் தீர்க்காம நான் எப்படி இதுல கையெழுத்துப் போடுறது?"

"சார், அது அறிவியல்."

"அறிவியல்லாம் வெளியில பார்க்க வர்றவங்களுக்கும்மா. ஆபீசுக்குப் பட்டியல்தான்."

"நான் விளக்கி எழுதித் தரட்டுமா சார்?"

"எழுது. நல்லா புரியுற மாதிரி எழுது."

நான்கு பக்கம் எழுதினாள். ஆமையின் ஓடு சட்டை மாதிரி கழற்றி மாட்டுவதல்ல. விலா எலும்புகளே அகன்று, பரந்து, ஒன்றோடொன்று கோத்துத்தான் முதுகு ஓடு உண்டாயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே வயிற்றை ஓடு மூடிவிட்டது. நீந்தும்போது அடியிலிருந்து கடிக்க வரும் பற்களைத் தடுக்க அது உதவியிருக்கலாம் என்கிறார்கள். படமும் வரைந்து, விலாக்களுக்குப் பென்சிலால் நிழல் போட்டாள்.

மூன்றாம் நாள் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது.

'கீழ் ஓடு இருப்பதை ஊழியரே ஒப்புக்கொள்கிறார். முதுகு ஓட்டை விலாவிலிருந்து கழற்ற முடியாது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே அது வலுக்கட்டாயமாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறது. களவு என்ற கோணத்தில் விசாரிக்கவும்.'

"நீ எழுதாமலே இருந்திருக்கலாம்," என்றார் இயக்குநர்.

அன்று மாலை வாசலில் காவலாளி அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். காலி டப்பா, அம்மாவின் மாத்திரை அட்டை, ஒரு சீப்பு. சீப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எலும்பு இல்லையே?"

"பிளாஸ்டிக்."

"இப்ப என்னத்தைத்தான் நம்புறது," என்று திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலை காட்சிக்கூடத்தில் கூட்டுகிற அக்கா தரையில் படுத்து, அலமாரிக்கு அடியில் துடைப்பக் கட்டையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அருங்காட்சியகத்தில் மிகப் பழைய ஊழியர் அவள்தான். அவள் வந்த பிறகு ஆறு இயக்குநர்கள் மாறியிருந்தார்கள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஓடு தேடச் சொன்னாங்க. தேடுறேன்."

"அது அங்க இருக்காதுக்கா."

"எனக்குத் தெரியாதா? தேடச் சொன்னாங்க, தேடுறேன்."

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. மகள் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே இருந்தது.

"என்னடி, உன் ஆமை எப்படி இருக்கு?"

"முதுகைக் காணோம்னு சொல்றாங்கம்மா. நான் திருடிட்டேனாம்."

"எனக்கு ரெண்டு கிட்னியக் காணோம். யாராவது பேப்பர் போட்டுத் தேடுறாங்களா பாரு," என்றாள் அம்மா. சிரிக்கப் போய் மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அடியிலிருந்து பேசினை எடுத்துக் கொடுத்தாள் மகள். அம்மா வாந்தி எடுத்து முடித்து, வாய் கொப்பளித்து, "கழுவி வை" என்றாள்.

அவள் கழுவினாள். கழுவிக் கவிழ்த்த பேசினையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனாமல் பேசின். குடுவை மாதிரி ஆழமும் இல்லை, தட்டு மாதிரி தட்டையும் இல்லை. ஓர் ஆமைக்கு எடுத்த அளவு.

ஞாயிற்றுக்கிழமை, மூடிய அருங்காட்சியகத்துக்குப் பேசினைக் கொண்டுபோய்க் கவிழ்த்து, மேலே பிளாஸ்டர் பூசி, காய்ந்ததும் கழற்றி எடுத்தாள். கோடுகளைப் பின்னலூசியால் கீறினாள். தேயிலைத் தண்ணீரும் செம்மண்ணும் கலந்து நிறம் ஏற்றினாள். என்றைக்காவது வலிக்காமல் பெயர்த்து எடுக்க வேண்டும் என்பதற்காக, விலாக்களின் மேல் மெல்லிய காகிதம் விரித்து அதன் மேல்தான் ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் அந்தப் பிராணியிடம் மெதுவாக, "மன்னிச்சுக்கோ" என்றாள். பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது அது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். ஓட்டின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"எங்க இருந்துச்சு?"

"அலமாரிக்கு அடியில சார்."

"பார்த்தீங்களா! நாலு பக்கம் கதை எழுதுறதுக்கு ஒரு தடவை ஒழுங்காத் தேடியிருக்கலாம்," என்று பச்சை மையில் ஒரு சரி போட்டார்.

கூட்டுகிற அக்காவுக்கு, நன்றாகத் தேடியதற்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. எலும்புக்காரி, ஆணையில் கையெழுத்தாகப் போகிறது என்று அன்றிரவு அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள். அம்மா நெடுநாளுக்குப் பிறகு முழுசாக ஒரு கை சோறு சாப்பிட்டாள்.

ஆனால் இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. ஓட்டோடு கிடந்த ஆமையைப் படம் பிடித்து, தொல்லுயிர் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பேராசிரியர் வந்து நின்றார். நரைத்த மனிதர். தோளில் பை, கையில் பூதக்கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு பழைய பாறையில முழு ஓடா! வயிறு முதல்ல, முதுகு அப்புறம்னு நாப்பது வருஷமா பாடம் எடுத்திருக்கேம்மா. எல்லாம் தப்பு!"

"தப்பு இல்ல சார்," என்றாள் அவள்.

"என்னம்மா?"

குரல் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. இயக்குநர் அவளை முறைத்தார். ஆணை அவர் கையிலேயே இருந்தது. பேராசிரியர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள்.

"பாவம், அவங்களுக்கும் நெகிழ்ந்து போச்சு," என்ற பேராசிரியர், பையிலிருந்து சின்னத் துளைக்கருவி ஒன்றை எடுத்தார். "முதுகு ஓட்டுலேருந்து கடுகளவு தூள் போதும். ஆய்வகத்துல பார்த்தா எலும்போட ஜாதகமே தெரிஞ்சிடும்."

ஊசி முனை சுழன்றபடி முதுகை நோக்கி இறங்கியது.

"வேணாம்!"

அவள் குரல் முதன்முறையாக முழுத் தூரமும் போனது. பக்கத்து அறையில் குழந்தைகளைக் கூட்டி வந்த ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

"முதுகு ரொம்ப மெல்லிசு சார், விரிஞ்சிடும்," என்றாள். வாய் தானாக ஓடியது. "வயித்து ஓட்டுலேருந்து எடுங்க. தடிமனா, உறுதியா இருக்கு. ஒரே உடம்புதானே? எங்க எடுத்தாலும் ஒரே எலும்புதான்."

பேராசிரியர் கருவியை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இயக்குநரிடம் திரும்பி, "இந்த மாதிரி ஆளை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாளா தற்காலிகமா வெச்சிருக்கீங்களே" என்றார்.

"நாங்க வளர்த்த பொண்ணு சார்," என்று இயக்குநர் பேனா மூடியைத் திறந்தார். "திருப்பும்மா, நீயே திருப்பு. இனிமே நீ நிரந்தரம்தானே."

ஐந்து வருடத்தில் முதன்முறையாக அவள் அதைத் தூக்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டத் திருப்புவது போலத் திருப்பி, பஞ்சு மெத்தையில் மல்லாக்கக் கிடத்தினாள். பிளாஸ்டர் முதுகு பஞ்சுக்குள் புதைந்து மறைந்தது. வயிற்று ஓடு வெளிச்சத்தில் பளபளத்தது. நல்லவேளை, இது பொய் சொல்லாது. எத்தனை துளை போட்டாலும் உண்மைதான் வரும். பொய்யை அடியில் போட்டு, உண்மையை மேலே எடுத்து நீட்டிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. மருத்துவ அட்டையில் அம்மாவின் எந்தப் படத்தை ஒட்டுவது என்று யோசித்தாள். வீங்காத முகத்தோடு இருக்கும் படம் ஒன்று இருக்கிறது.

கருவி சுழன்றது. இயக்குநர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். தூள் சிந்தாமல் இருக்கப் பழைய செய்தித்தாளை விரிக்க வந்த கூட்டுகிற அக்கா, ஊசி இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"வயித்துல ஏம்மா கை வெக்கச் சொன்னீங்க? முப்பது வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு ஆபீசர் வந்து ஓடு எங்கேன்னு கேட்டப்ப, உங்க எடத்துல இருந்தவரு செஞ்சு ஒட்டினதும்மா அது. அதுவரைக்கும் இது வெறும் பல்லிதான்."