கஞ்சி பாயின் பிள்ளைகள்

திண்டுக்கல் வட்டாரத்திலேயே அதிகப் பிள்ளைகளை வளர்த்தவர் கஞ்சி பாய்தான். எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தேன். என் ஆயுளில் எண்ணத் தொடங்கி முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பதிவேடு எழுதினேன். பாய் அங்கே ஆபரேட்டர். சுண்ணாம்பும் கொழுப்பும் முடியுமாக வரும் தண்ணீரை முதலில் படிய வைப்போம். பிறகு காற்றுத் தொட்டிக்கு விடுவோம். மூன்று மோட்டார்கள் இரவு பகலாகக் காற்றை ஊத, தொட்டி காபி நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும். மிச்ச அழுக்கைத் தின்று தீர்ப்பது அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிருமிகள் என்பது எங்கள் பேச்சு. பாய்க்கு அவை பிள்ளைகள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் தொட்டியோரம் குனிந்து, "தின்னீங்களாப்பா?" என்று கேட்டார். என் பேனா கீழே விழுந்துவிட்டது.

விடுமுறை வந்தால் கழிவுநீர் வராது, கிருமிகளுக்குப் பட்டினி. அதனால் பாய் நாகல் நகர் சாப்பாட்டுக் கடைகளில் வடித்த கஞ்சியைக் கேன் கேனாக ஆட்டோவில் ஏற்றி வருவார். ஒவ்வொரு தடவையும் ஆறு கேன்.

"இம்புட்டுக் கஞ்சியா? வீட்ல எத்தன பேரு பாய்?" என்று ஆட்டோக்காரர் கேட்டாராம்.

"எண்ண முடியலப்பு."

அந்த வருஷம் பக்ரீத்துக்கு நான்கு நாள் விடுமுறை. அது முடிந்த மறுநாளே அதிகாரிகள் தண்ணீரைச் சோதிக்க வருகிறார்கள். தண்ணீர் தேறாவிட்டால் தொழிற்சாலைகள் பதினான்கையும் மூட வேண்டியதுதான். "பிள்ளைங்களப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பெருநாளுக்கு முந்தின மதியம் பாய் வீட்டுக்குப் போனார்.

பார்த்தேன். தண்ணீரே வராத தொட்டிக்கு மூன்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினாலே ஓடிப்போய் நிறுத்துகிற ஆள் நான். மூன்றையும் நிறுத்தினேன். நேரத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

மறுநாள் தொழுகை முடித்து, வெள்ளை உடுப்பும் அத்தர் மணமுமாகக் கஞ்சியோடு வந்து இறங்கினார் பாய். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சத்தத்தக் காணோமே சார்?"

"தண்ணி வரலயே பாய், அதான் மோட்டார நிறுத்திட்டேன். நேத்து மூணரைக்கு."

ஓடிப் போய்ப் பார்த்தோம். நுரை இல்லை. தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை போல நாறியது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொட்டியையே பார்த்துக்கொண்டு, "மூச்ச நிறுத்திட்டீங்களே சார்" என்றார்.

மோட்டார்களை ஓடவிட்டார்.

"கஞ்சிய ஊத்திரலாமா பாய்?" என்று கேட்டேன்.

"மூச்சில்லாதவனுக்கு யாராச்சும் சோறூட்டுவாங்களா? செத்த நேரம் சும்மா இருங்க."

அதே ஆட்டோவில், அதே வெள்ளை உடுப்பில், சாணார்பட்டிக்குப் போய் ஒன்பது கூடை பசுஞ்சாணம் கொண்டுவந்தார். சாணத்திலும் அழுக்குத் தின்னும் கிருமிகள் உண்டாம்.

"காலைல கஞ்சி, இப்ப சாணியா? பெருநா விருந்து யாருக்கு பாய்?" என்றார் ஆட்டோக்காரர்.

சாணத்தைக் கரைத்து, வடிகட்டி, ஊற்றினோம். பிரியாணி ஆறுகிறதென்று பாயின் வீட்டிலிருந்து நான்கு முறை போன் வந்தது. "நீங்க சாப்பிடுங்கம்மா. இங்க பிள்ளைங்க உசிரு போயி மௌத்து ஆயிரக் கூடாது, இருந்து பாத்துட்டு வாரேன்" என்றார். அத்தர் மணம் போன இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தவர், "ஒண்ணு நகருது சார்" என்றார். நான் குனிந்து எண்ணினேன். ஏழு. ஏழாவதோடு கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் எண்ண முடியவில்லை. அப்புறம்தான் பாய் கஞ்சியைத் தொட்டார், அதுவும் அரை அரைக் கேனாக.

தண்ணீர் தேறியது. ஆனால் பதிவேட்டைப் புரட்டிய மேனேஜர் என் கையெழுத்தில் விரலை வைத்து, மோட்டாரை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் சார் நிறுத்தச் சொல்லிட்டுப் போனேன்" என்றார் பாய். வசவு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அதான் பிள்ளைங்க பொழச்சிருச்சுல்ல? விடுங்க சார்."

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் இப்போதெல்லாம் நான் சட்டென்று நிறுத்துவதில்லை. வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறேன்.