அகராதியாரும் பாரந்தூக்கியும்

“இன்று மாலை நான் உண்மையைப் பேசப்போகிறேன்” என்றார் என் கணவர்.

காலைக் குழம்பியை முன்னே வைத்துக்கொண்டு செய்த சபதம் அது. காப்பியைத்தான் அவர் குழம்பி என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக் குழம்பாத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

“பேசுங்க. தடுத்தது யாரு?” என்றேன்.

“மேடையில், வரலட்சுமி. ஒலிபெருக்கியில். ஊரே கேட்க.”

“ஆறிப்போவுது. குடிச்சிட்டு சபதம் போடுங்க.”

என் கணவர் ஜெகதீசன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரம் கல்மண்டபத்தில் ஜெகதீசன் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். அகராதியார் வீடு என்றால் பூக்காரி கூட வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போவாள். தலைமாட்டில் எப்போதும் அகராதி வைத்திருப்பதால் வந்த பட்டம் என்று அவர் நம்புகிறார். ‘அகராதி புடிச்ச மன்சன்’ என்று தெரு சொல்வதன் பொருள் வேறு. அதை நான் எடுத்துச் சொன்னதில்லை. மகிழ்ச்சியாக இருக்கும் ஒருவரைத் திருத்துவது என் வழக்கமன்று.

ஒரு சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளே பொருள் என்பது அவருடைய சமயம். தெருவில் புழங்கும் தமிழ் காதில் விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிடுவார். நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். வகுப்பறையில் புத்தகத் தமிழ். வாசற்படி தாண்டினால் வூட்டுத் தமிழ். திருமணமான நாள் முதலாக அவர் என்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். நானும் திருந்திக்கினேதான் இருக்கிறேன்.

அவர் உண்மை பேசப்போவது ‘பாரந்தூக்கி’யைப் பற்றி.

பாரந்தூக்கி ஓர் இசை நாடகம். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பாரந்தூக்கி இயந்திரத்தை ஓட்டுகிறான் ஓர் இளைஞன். மீன் ஏலம் கூவுகிறாள் ஒரு பெண். காதலிக்கிறார்கள். கப்பல் வருகிறது. பிரிகிறார்கள். இயந்திரம் அழுகிறது. ஆம், இயந்திரமேதான். உடம்பெல்லாம் மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு பருத்த மனிதர் வலக் கையை உயரே நீட்டி நின்றுகொண்டு நெடுநேரம் பாடி அழுவார். நாளேடுகள் இதனைத் தமிழ் மேடையின் திருப்புமுனை என்று எழுதின. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்து பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் மட்டும் காதைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கீழ் வீட்டு ரசூல் பீவி அவரை வாசலிலேயே மடக்கினாள்.

“இன்னா பெரியவரே, எப்படி கீது நம்ம நாடகம்?”

“அம்மா, குடிக்கத் தண்ணீர் கேட்பதற்குக்கூட அந்தப் பெண் ஏன் பாடுகிறாள்?”

“தாகம் எடுத்தா பாட்டு வராதா?”

“வராது. விக்கல்தான் வரும்.”

“மிசினு அயுவும்போது எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு தெரியுமா?”

“பாரந்தூக்கி என்று பெயர் வைத்தது சரிதான். பாரத்தைத் தூக்கியது நான். இடைவேளை வரைக்கும் தலையில், அதற்கப்புறம் நெஞ்சில்.”

“ஐய! இந்த மன்சன வெச்சிகினு நீ எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ டீச்சரம்மா!”

தேநீர்க் கடையிலும் தம் கருத்தைச் சொல்லிப் பார்த்தார். அன்று தேநீர் வரவேயில்லை. முடிதிருத்தும் அலெக்ஸாண்டரிடம் சொன்னார். அலெக்ஸாண்டரின் மனைவி அந்த நாடகத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவள் என்பதை அவர் மறந்துவிட்டார். கத்தி ஒரு கணம் நின்றது. இடப்பக்கக் கிருதா வலப்பக்கத்தைவிட மேலே ஏறியது. இன்றுவரை இரண்டும் சமமாகவில்லை.

முதல் வரிசையில் ரசூல் பீவி, இரண்டாம் வரிசையில் அலெக்ஸாண்டரின் மனைவி, மூன்றாம் வரிசையில் வெறுங்கூடையுடன் நான். இயக்குநர் பீம்ராவ் வியாசர்பாடிப் பிள்ளை. என்னிடம் கணக்குப் படித்தவன். மீன் சந்தைக் காட்சிக்கு எங்கள் தெருப் பெண்களே வேண்டுமென்று வந்து நின்றான். எனக்கு மீனும் விற்கத் தெரியாது, பாடவும் தெரியாது. உதட்டை அசைத்தால் போதும் என்றான். அசைத்தேன்.

ஒத்திகையும் நாடகமும் மாலை வேளையில். ஆகவே என் கணவரின் இரவுத் தோசை ஹாட்பாக்ஸுக்குள் போயிற்று. அவர் மொழியில் அது வெப்பப் பேழை. தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும் என்பது அவர் கொள்கை. பேழையிலிருந்து வருவதைத் தோசை என்று சொல்ல மாட்டார், தோல் என்பார். பள்ளிக்கூடம் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, தோசைக்கல் கொடுக்கவில்லை. இதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில் கோயம்புத்தூர் சபா ஒன்றின் செயலாளர் வேலப்பன் நாடகம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் மார்கழி முழுவதும் நாடகம் அங்கேதான். குழு மொத்தமும் அங்கேயே தங்க வேண்டும். என் கணவர் நாட்காட்டியில் மார்கழியைப் பார்த்தார். பிறகு தோசைக்கல்லைப் பார்த்தார். கலையின் வீழ்ச்சி அவரை உண்மையாகவே வருத்தத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

“அந்த வேலப்பனின் பக்கத்து நாற்காலியில் நான் உட்காரப்போகிறேன்” என்றார். “ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு குறையாக அவர் காதில் ஓதப்போகிறேன். திரை விழுவதற்குள் அவர் ரயிலேறிவிடுவார்.”

நல்ல திட்டம். பலித்திருக்கும். ஒற்றை ஆளிடம் பொறுமையாக விளக்கும்போது என் கணவர் மிகத் தெளிவாகப் பேசுவார்.

மறுநாளே பீம்ராவ் ஒரு தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

“ஐயா, அன்னிக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். நாடகம் முடிஞ்சதும் மைக்ல ரெண்டு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா அந்த கோயமுத்தூர்காரரு கேப்பாரு.”

“ஒளிவு மறைவின்றிச் சொல்வேன். சம்மதமா?”

“அதான் ஐயா வோணும்!”

இந்த யோசனை பீம்ராவுக்கு எப்படித் தோன்றியது என்று என் கணவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்லும் பழக்கத்தை நான் மாணவர்களிடமே அனுமதித்ததில்லை.

மார்கழி பிறக்கச் சில நாட்களே இருக்கையில் அந்த நாள் வந்தது. அன்று காலைதான் மேற்சொன்ன சபதம். குழம்பியைக் குடித்து முடித்து எழுந்து நின்றார்.

“கேள். ‘அவையோர்க்கு வணக்கம். இந்நாடகத்தின்கண் அமைந்துள்ள இசைப் பகுதிகள் செவிப்புலனுக்கு ஊறு விளைவிப்பனவாகவும்...’”

“விசிலடிச்சே எறக்கிடுவாங்க.”

“ஏன்?”

“இது இன்னா கோயில் கல்வெட்டா? நம்ம ஜனம் நீட்டி முழக்குனா கேக்காதுங்க. நாலே வார்த்த. நறுக்குனு போட்டுட்டு எறங்கிடணும்.”

யோசித்தார். “நான்கே சொல். சரி. எந்த நான்கு?”

“அத நான் சொல்லக்கூடாது. உங்க மனசுல கீறத நீங்கதான் சொல்லணும். அந்த மிசினு பாட்டு எப்படி?”

“கேட்ட மாத்திரத்தில் அச்சம் உண்டாகிறது. பயங்கரம்.”

“ஒண்ணாச்சு. கத?”

“தலையும் இல்லை, வாலும் இல்லை. தாறுமாறு.”

“ரெண்டு. மீன் மார்க்கெட்டு டான்ஸு?”

அதில் நானும் ஆடுகிறேன் என்பது அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

“அட்டகாசம்.”

“அட்டகாசமா?”

“அகராதியைப் பார். பெருஞ்சிரிப்பு, ஆரவாரம், அட்டூழியம்.”

“நான் எதுக்குப் பார்க்கணும், நீங்க சொன்னா போதாதா? மூணு. அந்தப் புள்ளையாண்டான் நடிப்பு?”

“அது நடிப்பா? கையைக் காலை உதைத்துக்கொண்டு... வெறித்தனம்!”

“நாலு. முடிஞ்சது.”

“முடியவில்லை. இறுதியில், ‘ஆகவே இந்நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி சேர்க்கிறேன்.”

நான் மாவு கரைப்பதை நிறுத்தவில்லை. இடம் ஆபத்தானது, கை நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“தாராளமா சேத்துக்குங்க. அந்த நாலு வார்த்தைக்கு அர்த்தம் போதலன்னா சேக்க வேண்டியதுதான்.”

“போதவில்லை என்று யார் சொன்னது?”

“பின்ன எதுக்கு பதவுரை? அகராதில அதுக்கெல்லாம் ஒரே அர்த்தம்தானே கீது?”

அவர் மார்பு விரிந்தது. “சொல் தன் பொருளைத் தானே சொல்லும், வரலட்சுமி. பதவுரை வேண்டாம்.”

அந்த வரி போயிற்று.

இரண்டாம் தோசையில் அவருக்கு மனசாட்சி உறுத்தியது. “நீ நடிக்கும் நாடகத்தையே தாக்கப்போகிறேன். நீயே எனக்கு உதவுகிறாய். உண்மையைச் சொல், உனக்கு அந்த நாடகம் மிகவும் பிடித்திருக்கிறதா?”

“இன்னொண்ணு முறுகலா போடட்டுமா?” என்றேன். கேள்வியை மறந்துவிட்டார்.

மாலையில் சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. வேலப்பன் முன்வரிசையின் நடுவில் வெள்ளைச் சட்டையுடன் அமர்ந்திருந்தார். சிறப்பு விருந்தினருக்கு மேடையோரமாகத் தனி நாற்காலி. வேலப்பனிடமிருந்து நல்ல தூரத்தில். நாற்காலியைப் போட்டவள் நான். நாடகம் நடந்தது. காதலர்கள் பிரிந்தார்கள். இயந்திரம் அழுதது. ரசூல் பீவி, அழ வேண்டாத காட்சியிலும் அழுதாள். வேலப்பன் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கொட்டாவியை மறைப்பது போலவும் இருந்தது, மீசையைத் தடவுவது போலவும் இருந்தது. எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது.

என் கணவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்தார். கூடையுடன் மூன்றாம் வரிசையில் நின்றுகொண்டு பார்த்தேன்.

“இந்நாடகத்தின் இசை...” ஒரு நிறுத்தம். “பயங்கரம்!”

கூடம் அதிர்ந்தது. விசில் பறந்தது.

அவர் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது. ஊரும் தம்மைப்போலவே இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறது என்று எண்ணிவிட்டார்.

“கதை... தாறுமாறு!”

“அப்டிப் போடு பெர்சு!”

“நடனம்... அட்டகாசம்!”

பின்வரிசை முழுவதும் நாற்காலி மேல் ஏறியது.

“நடிப்பு... வெறித்தனம்!”

“ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!”

கேட்டதற்கு இணங்கி நான்கையும் மறுபடியும் சொன்னார், முன்னிலும் உரக்க. அத்துடன் இறங்கியிருக்கலாம். கைதட்டலின் ருசி கண்டவர் எவர் இறங்கினார்? “உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது!” என்று முழங்கினார். அது விசிலில் கரைந்துபோயிற்று. அடுத்த வரி மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் கொன்றுவிட்டார்கள்!”

“கொன்னுட்டாங்க! கொன்னுட்டாங்க!” என்று கூடம் எதிரொலித்தது. பாரந்தூக்கியாக நடித்தவர் இப்போது நிஜமாகவே அழுதுகொண்டு வந்து அவர் காலில் விழுந்தார். வேட்டியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. வேலப்பன் மேடையேறி என் கணவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

“ஐயா, உள்ளதச் சொல்றனுங்க. பாத்தப்ப எனக்கு நல்லதா கெட்டதான்னு ஒண்ணும் புடிபடலீங்க. இத்தன படிச்ச நீங்களே இப்படி மனசாரச் சொல்லும்போது நான் ஆருங்க? மார்கழி முழுசும் நம்மூர்லதானுங்க!”

என் கணவர் வாயைத் திறந்தார். வேலப்பன் போர்த்திய சால்வை வாயின் மேல் விழுந்தது.

மறுநாள் காலை கல்மண்டபம் முனையில் பிளக்ஸ் பலகை நின்றது. அதில் கையை உயர்த்தியபடி என் கணவர். ஒரு கிருதா மேலே, ஒன்று கீழே. அருகில் சிவப்பு எழுத்தில், ‘கொன்னுட்டாங்க! — அகராதியார்.’ தேநீர்க் கடையில் கேட்காமலே தேநீர் வந்தது. ரசூல் பீவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“உன்னப்போயி ரசன இல்லாத மன்சன்னு நென்ச்சிகினு இருந்தேனே, பெரியவரே!”

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினார். பயங்கரம், அச்சம் தருவது. தாறுமாறு, ஒழுங்கின்மை. எதுவும் மாறியிருக்கவில்லை.

“அகராதி சரியாகத்தான் இருக்கிறது” என்றார் பரிதாபமாக.

“இருக்கும். அதுவும் உங்களாட்டம் ஜன்னல சாத்திக்கினு உள்ளயே கீது.”

“உனக்கு முன்பே தெரியும்!”

“தெருவுக்கே தெரியுங்க.”

“என்னை மேடையில் ஏற்றியது யார்?”

“பீம்ராவ்.”

“பீம்ராவிடம் சொன்னது யார்?”

“அந்த நீலப் பொடவய பொட்டில வெச்சேனா, பாருங்க.”

அவர் கட்டிலில் அமர்ந்தார். “ஒரு நாடகத்தின் மேல் உனக்கு இவ்வளவு காதலா, வரலட்சுமி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனே.”

பெட்டியைப் பூட்டினேன். தோசைத் திருப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“எனக்கும் அந்த நாடகம் புடிக்கலீங்க. ஆனா கோயமுத்தூர்ல வேளாவேளைக்கு வேற யாரோ தோச சுட்டுப் போடறாங்களாம்.”