காத்தருக்கு நான் சொன்ன பொய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நல்ல மனிதருக்குப் பொய் சொன்னேன். அதை நம்பி அவர் இரண்டு வருடம் உள்ளிப்பூண்டு, வெந்தயம், மீன்குழம்பு மூன்றையும் தொடவில்லை. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்கு இவ்வளவு கடுமையான தண்டனையை எந்த நீதிமன்றமும் விதிக்காது. நான் விதித்தேன். குற்றம் செய்தவனும் நான்தான்.

அவரை எல்லோரும் காத்தர் என்போம். ரொறன்ரோவில் இருக்கும் அத்தனை தமிழரிலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் கார்க் கதவைத் திறக்காத மனிதர் அவர் ஒருவர்தான். காரணம், அவர் எல்க் வேட்டைக்குப் பழகிக்கொண்டிருந்தார். எல்க் என்பது குதிரை உயரமுள்ள மான். ஆண் மானின் கொம்பு எங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்டுக்குள் அடங்காது. அதைத் துவக்கால் சுட அவருக்கு விருப்பமில்லை. வில்லால் எய்ய வேண்டும். நான் அவரை அறிந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். வில்லைக் கையில் எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்க்கை நேரில் கண்டதே இல்லை.

"துவக்குக்காரன் அறுநூறு அடி தள்ளி நிண்டு சுட்டுப்போட்டுப் போயிடுவான் சேர்," என்பார். "வில்லுக்காரன் எழுபது அடிக்குள்ளை போகோணும். அப்ப அது எங்கை தின்னுது, எங்கை படுக்குது, எந்தச் சேத்துக்கை உருளுது எண்டு முதல் படிக்கோணும். வேட்டை ஒரு கிழமைதான். படிப்பு வருசம் முழுக்க."

என்னை அவர் சேர் என்று அழைத்ததற்குக் காரணம், நான் ஊரில் விலங்கியல் படிப்பித்தவன். நானும் எல்க்கைக் கண்டதில்லை. ஆனால் அசைபோடும் விலங்கின் இரைப்பையில் உள்ள நான்கு அறைகளையும் பெயர் குறித்து வரைவேன். காத்தருக்கு அது போதுமாக இருந்தது.

எங்களைச் சேர்த்து வைத்தது படிப்பல்ல, மணம். மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. மனித வாடை பட்டால் அந்தப் பள்ளத்தாக்கையே விட்டுப் போய்விடும். அதனால் காட்டுக்குப் போடும் உடுப்பை வீட்டு மணம் அண்டாமல் வைக்க வேண்டும். காத்தரின் வீட்டில் அதற்கு இடமில்லை. மேல்மாடிக்குச் சாம்பிராணி, கீழ்மாடிக்குத் தாளிதம், கராஜில் மீன் பொரியல். எங்கள் ஆட்கள் பலரைப்போல அவர் மனைவி சறோவும், வீடு மணக்கக்கூடாது என்று கராஜுக்குள் ஒரு அடுப்பு வைத்திருந்தார். நானோ மனைவி காலமான பிறகு வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்டில் பாணும் அவித்த முட்டையுமாக இருந்தவன். கோயிலில் அறிமுகமான இரண்டாம் நாளே காத்தர் என் வீட்டுக்குள் வந்து நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"சேர், உங்கடை வீட்டிலை ஒரு மணமும் இல்லை."

அதை அவர் பாராட்டாகவே சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவருடைய உடுப்புப் பெட்டி என் பல்கனிக்கு வந்துவிட்டது.

அவர் வில் பழகியது பேஸ்மென்டில். வைக்கோல் கட்டொன்றை இலக்காக வைத்திருந்தார். அதற்குப் பின்னால் சறோ அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார். முதல் வருடம் வைக்கோலுக்குச் சேதம் குறைவு. அரிசி மூட்டை ஆறு. "சோறு போட முதல் இந்த மனிசன் அம்பு விட்டவரோ எண்டு கேட்டுத்தான் போடவேண்டிக் கிடக்கு," என்றார் சறோ.

ஆண் எல்க் பெண் மானை அழைக்கும் சத்தம் விசில்போலத் தொடங்கி, கீச்சென்று உச்சிக்கு ஏறி, கனைப்பில் முடியும். அதை ஊதிப் பழக ஒரு குழாய் வாங்கினார். வீட்டில் அனுமதி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சறோ அர்ச்சனைக்குப் போக, றிச்மண்ட் ஹில் கோயில் கார் தரிப்பிடத்தில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஊதினார். பட்டுச்சேலை உடுத்த ஒரு அம்மா ஓடிவந்து கண்ணாடியில் தட்டினார்.

"தம்பி, நெஞ்சு நோகுதோ? அம்புலன்ஸ் கூப்பிடட்டே?"

"இல்லை அன்ரி. உது பெண் தேடுற சத்தம்."

அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்குள் போனார்.

ஸ்ரௌவ்வில்லில் உறவினர் ஒருவரின் புது வீட்டுக் குடிபூரல். எல்லோரும் வீட்டைப் பார்த்தார்கள். காத்தர் பின்வளவைப் பார்த்தார். வேலியோரம் மான் புழுக்கை கிடந்தது. வேட்டி சால்வையுடன் முழங்காலில் இருந்து, ஒன்றை எடுத்து விரலால் உடைத்து, "விடியத்தான் போயிருக்கு" என்று வீட்டுக்காரருக்குக் காட்டினார். பிறகு உள்ளே போய் வடைத் தட்டுக்குக் கையை நீட்டினார். அந்த வடைத் தட்டு அன்று முழுக்க வேறு யாராலும் தொடப்படவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே நானும் அவருடன் காட்டுக்குப் போகத் தொடங்கினேன். வடகிழக்காக மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். மரத்தில் கமரா கட்டுவோம். சேற்றில் காலடி அளப்போம். மற்ற வேட்டைக்காரர்கள் காற்றுப் பார்க்கச் சின்னப் போத்தலில் பவுடர் வைத்திருப்பார்கள். காத்தர் திருநீறு வைத்திருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து ஊதி விடுவார். "உது போற பக்கம்தான் எங்கடை மணமும் போகும். அந்தப் பக்கம் மான் இருந்தா நாங்கள் வீட்டை போகலாம்."

மூன்றாம் வருடம் குலுக்கலில் அவருக்கு எல்க் அனுமதி விழுந்தது. பலர் பத்து வருடம் விண்ணப்பித்தும் விழாத அனுமதி. ஓகஸ்ட் கடைசியில், வேட்டைக்கு மூன்று கிழமை இருக்க, தான் கண்டுபிடித்த பள்ளத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். நடுவே ஒரு சேற்றுக் குழி. ஒரு பெரிய கொம்பன் எல்க் காலையில் அங்கே வருகிறது என்று கமரா சொன்னது. அன்றைக்கு எங்கள் வேலை தூர இருந்து பார்ப்பது மட்டும்தான். நாங்கள் வந்துபோனது அதற்குத் தெரியக்கூடாது.

விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் இருந்தோம். காத்தர் திருநீற்றை ஊதினார். அது எங்கள் முதுகுப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கப் பாறையைக் காட்டினார்.

"அங்காலை மட்டும் போகாதேங்கோ சேர். அங்கை காத்து பள்ளத்துக்குள்ளை இறங்குது."

நான்கு மணித்தியாலம் போனது. எனக்குப் பசி. சட்டைக்குள் பொலித்தீனில் சுற்றிய ஒரு மட்டன் ரோல் இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஸ்காபரோவில் வாங்கியது. பக்கத்தில் இருந்து தின்றால் பிடிபடுவேன். காத்தர் தூரக்கண்ணாடியில் கண் வைத்திருந்த நேரம், நான் மெல்ல நகர்ந்து அந்தப் பாறைக்கு அங்கால் போனேன்.

பாதி ரோல் வாய்க்குள் இருக்கும்போது கொம்பன் வந்தது. நாற்பது வருடம் விலங்கியல் படிப்பித்த வாய் திறந்தபடியே நின்றது. அது தலையைத் தூக்கியது. காத்தரின் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது. நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம். பிறகு பள்ளம் வெறுமையாக இருந்தது.

கொம்பன் ஓடிய திசையையே பார்த்துக்கொண்டிருந்த காத்தர், நான் திரும்பிப் போய் மரத்தடியில் இருந்ததைக் கவனிக்கவில்லை. செப்டெம்பரில் ஏழு நாளும் வில்லோடு அங்கே இருந்தார். ஒரு மானும் வரவில்லை. அனுமதி காலாவதியானது. திரும்பி வந்து என் சோபாவில் இருந்து கேட்டார்.

"நான் எங்கை சேர் பிழை விட்டனான்?"

அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "உள்ளி, வெந்தயம் எல்லாம் வேர்வையிலை வரும் ஐசே. உம்மடை உடம்பு மணம்தான் காட்டிக் குடுத்திருக்கும்." படிப்பித்தவன் சொன்னதால் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு. அறுபதாவது பிறந்தநாளில் மண்டபம் முழுவதும் நண்டுக்கறி மணக்க, அவர் கரட்டும் தயிரும் தின்றார். நான் நண்டு தின்றேன். கை கழுவும் இடத்தில் சறோ என்னிடம் வந்தார்.

"சேர், ரெண்டு வருசமா நான் ஒரு ஆளுக்குத்தான் குழம்பு வைக்கிறன். என்ரை சமையலாலைதான் மான் ஓடினது எண்டு இந்த மனிசன் நினைக்குது. ஒண்டும் சொல்லாது. ஆனா நினைக்குது."

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

வெறும் மன்னிப்போடு போக வெட்கமாக இருந்தது. அடுத்த யூலை நான்கு சனிக்கிழமை தனியே கார் ஓட்டிப் போனேன். எழுபத்தைந்து வயது, ஒரு முழங்கால் வாடகைக்கு எடுத்ததுபோல. பள்ளிக்கூடக் கொப்பியில் காலடிகளை அளந்து வரைந்தேன், சாணத்தின் நிறம் எழுதினேன். பதினெட்டுப் பக்கம். பிறகு காத்தரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கொப்பியை வாங்கி மடியில் வைத்தார்.

"என்ன ரோல் சேர்?"

"மட்டன்."

"முழுசாத் திண்டனீங்களோ?"

"பாதி."

"நீங்கள் திண்டதுக்கு எனக்குக் கோவமில்லை. ரெண்டு வருசம் நான் என்னை மணந்து மணந்து பாத்துக்கொண்டு திரிஞ்சன்." பல்கனியில் இருந்த பெட்டியைத் தூக்கினார். கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமை தொலைபேசி இல்லை. பிறகு ஒரு பின்னேரம் அடித்தது.

"சேர், கொப்பி பாத்தன். பதினேழு பக்கமும் மாடு."

"மாடோ?"

"ஓம். பால் தாற மாடு. பக்கத்திலை எங்கையோ பண்ணை இருக்கு. விலங்கியல் எந்தப் பள்ளிக்கூடத்திலை சேர் படிப்பிச்சனீங்கள்?"

தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் சறோ சிரிப்பது கேட்டது. காத்தர் சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு குரல் மாறியது.

"கடைசிப் பக்கத்திலை ஒரு மரத்தின்ரை படம் கீறியிருக்கிறியள். ஆறடி உயரத்திலை பட்டை உரிஞ்சு கிடக்கு எண்டு. மாடு அவ்வளவு உயரத்திலை உரஞ்சாது, கொம்பன்தான் உரஞ்சும். உது எங்கை கண்டனீங்கள்?"

செப்டெம்பரில் போனோம். அந்த வருடம் அனுமதி விழவில்லை. வில் வீட்டில் இருந்தது. முதல்நாள் காத்தர் ஒரு சட்டி மீன்குழம்பு சாப்பிட்டிருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கே மணந்தது. ஆனால் அவர் காற்றைச் சரியாகப் படித்து இடம் எடுத்திருந்தார். காலை ஒன்பது மணிபோலக் கொம்பன் மரங்களுக்குள் இருந்து வந்து, எங்களுக்கு முன்னால் நின்று புல் தின்றது. அதன் பல் அரைக்கும் சத்தம் கேட்டது. காத்தர் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். மூச்சு விட்டாரோ தெரியாது. அது தின்று முடித்து, தன் பாட்டில், நடந்தே போனது. கடைசிவரை எங்களை அது அறியவில்லை.

அவர் எழுந்து போய் அது நின்ற இடம்வரை அடியளந்தார். அறுபத்தொரு அடி.

"அப்ப நான் பிழை விடேல்லை," என்றார்.

"இல்லை ஐசே," என்றேன். "ஒருநாளும் விடேல்லை."

இன்றுவரை காத்தர் ஒரு எல்க்கும் எய்யவில்லை. கல்யாண வீடுகளில் ஆட்கள் விடமாட்டார்கள். "என்ன காத்தர், இன்னும் இறைச்சி ஒண்டும் வரேல்லை?" என்பார்கள். அவர் சிரிப்பார். பதில் நான் சொல்வேன். அறுபத்தொரு அடி என்பேன். எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் படித்து மருத்துவத்துக்கு எடுபட்டிருக்கிறார்கள். அந்தச் செய்திகளைச் சொன்னபோதுகூட என் குரல் இப்படி நிமிர்ந்ததில்லை. கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். கேளாதவர்களுக்கும் சொல்கிறேன்.