விசிலில் வந்த புகை

குடும்பத்தோடு போகிற தீம் பார்க்கில் புகைப்பிடிக்கத் தனி இடம் இருக்கலாமா கூடாதா என்று டீக்கடையில் யாராவது பேச்செடுத்தால், நான் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. அந்தக் கருத்தை என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே உத்தியோகத்தையும் குறிப்பிட்டு ஒரு தீம் பார்க்கில் கொடுத்திருக்கிறேன். கொடுத்த ஒரு மணி நேரத்தில் அதே இடத்தில் நின்று புகைத்தும் இருக்கிறேன். (இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது.)

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். காலையில் வேன்களில் வந்து இறங்கும் ஆண்களைக் கேட்டில் நிறுத்தி, சட்டைப்பை, வேட்டி மடிப்பு, டிபன் கேரியரின் அடித்தட்டு என்று எல்லாவற்றையும் சோதித்து உள்ளே அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. பெண்களைச் சோதிக்க ஓர் அக்கா இருந்தார். பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றும் கேட்டைத் தாண்டக் கூடாது. லோடு ஏற்றுகிற கருப்பசாமியின் வேட்டி மடிப்பில் ஒரு தடவை பீடித்துண்டு கிடைத்தது. அணைந்து இரண்டு நாளான துண்டு. மறந்துபோய் வந்துவிட்டது என்றார் அவர். மருந்து இருக்கிற இடத்தில் மறதிக்கு வேலையில்லை என்று நான் எல்லார் முன்னாலும் ஒரு பிரசங்கம் செய்து, அவரை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னேன். (எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து. மாத்திரை, டானிக் எல்லாம் அப்புறம்தான்.) பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிட்டது. மதியம் வெளியே போய் ரோட்டோர டீக்கடைக்குப் பின்னால் நின்று ஒரு சிகரெட் பிடித்தேன்.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். விட்டு விட்டு ஊதினால் எல்லாரும் கூட வேண்டும். நீளமாக ஊதினால் ஓட வேண்டும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைத் தேடாமல், திரும்பிப் பார்க்காமல் ஓடி, வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வேண்டும். பெயர் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை இதைப் பழக்கினேன். ஒரு தடவை, அள்ளிய சோற்றுக் கவளத்தோடு ஓடி வந்த ஒரு தொழிலாளி அம்மாவை, கவளத்தைப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று திருப்பி அனுப்பி மறுபடி ஓட வைத்தவன் நான். அவ்வளவு கண்டிப்பு.

வீட்டில் மட்டும் அந்தக் கண்டிப்பு என் மகள் அபியிடம் இருந்தது. அவள் அப்போது நான்காம் வகுப்பு. அப்பா நூறு நாள் புகைக்காமல் இருந்தால் அதை வகுப்பில் வந்து சொல்லலாம் என்று பள்ளியில் அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். அபி அன்றைக்கே என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். தினமும் நான் வீடு திரும்பியதும் என் சட்டையை மோந்து பார்ப்பாள். பிறகு தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ‘அப்பா இன்று குடிக்கவில்லை’ என்று எழுதி ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்பாள்.

இங்கே ஒரு கேவலமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் சட்டையில் கந்தக வாடைதான் முதலில் அடிக்கும். அதற்குப் பின்னால் ஒரு சிகரெட் வாடை ஒளிந்துகொள்ள நிறைய இடமுண்டு. இரண்டு கிராம்பையும் மென்றுவிட்டால் போலீஸ் நாய்க்குக்கூடத் தெரியாது. அந்தத் தாள்களில் உண்மையான தாள் ஒன்றே ஒன்று. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நாட்களில், நாற்பது பேரை முதலாளி பஸ் வைத்து மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு அனுப்பினார். மாரீஸ்வரியும் (என் மனைவி) அபியும் கூட வந்தார்கள். அபியின் கிளிப்பில் அன்று தொண்ணூற்று நான்கு தாள்கள் இருந்தன. இன்னும் ஆறுதான் பாக்கி என்று பஸ்ஸில் முன்சீட்டு, பின்சீட்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். வகுப்பில் பேசப்போவதை மனப்பாடமாக ஒப்பித்தும் காட்டினாள். கருப்பசாமி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பார்க் வாசலில் எங்களைச் சோதித்தார்கள். தீப்பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். (நாடு முழுக்கத் தீப்பெட்டி அனுப்புகிற ஊர்க்காரர்களிடமிருந்து.) என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒற்றைச் சிகரெட் படுத்திருந்தது. காவலாளி என் சட்டைப்பையை வெளியில் தட்டிப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டான். இதெல்லாம் ஒரு சோதனையா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

உள்ளே பெரிய வரைபடம் ஒன்று வைத்திருந்தார்கள். அபி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, இங்கன சிகரெட் குடிக்கதுக்குன்னு தனியா எடம் விட்டிருக்காக.”

சுற்றி எங்கள் ஆட்கள் நின்றார்கள். கருப்பசாமி, தனி இடம் விட்டால் கண்ட இடத்தில் குடிக்க மாட்டார்கள், அதுவும் நல்லதுதானே என்று நியாயமாக ஒரு வார்த்தை சொன்னார். நான் விடவில்லை. பச்சைப்பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அதற்கு ஓர் இடமா, அதற்கு வழிகாட்ட ஓர் அம்புக்குறியா என்று குரலை உயர்த்தினேன். பேசியது வாய்தான். கண் அந்த அம்புக்குறியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. அதோடு நிற்காமல், வாசலில் இருந்த ஆலோசனை நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கைக்கு அன்று வெட்கமே இல்லை.

ஒரு மணி நேரம் தாங்கினேன். அம்மாவும் மகளும் அலைக்குளத்துப் பக்கம் போனதும், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்புக்குறியைப் பிடித்தேன். ஒரு பெரிய யானைப் பொம்மைக்குப் பக்கத்தில், இடுப்பு உயர வேலிக்குள் சிமெண்ட் பெஞ்சு இரண்டு, மணல் வாளி ஒன்று. சுவரில் பொத்தானை அமுக்கினால் ஒரு கம்பி பழுத்துச் சிவந்தது. அதில் பற்றவைத்தேன். உள்ளே வேறு யாருமில்லை. மூன்று இழுப்பு சுகமாகப் போனது. நான்காவதை நெஞ்சு நிறைய இழுத்து உள்ளே நிறுத்திய நேரத்தில் யானையின் வயிற்றுக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டது.

யானையின் வயிறு ஒரு குகை என்பதும், குழந்தைகள் ரயில் அதன் வழியாகத்தான் வரும் என்பதும் வரைபடத்திலேயே இருந்திருக்கிறது. நான் அம்புக்குறியை மட்டும் படித்தவன். ரயில் நடந்து வருகிற வேகத்தில் வெளியே வந்தது. முதல் பெட்டியில் அபியும் மாரீஸ்வரியும். (அலைக்குளத்தில் கூட்டம் என்று இங்கே வந்துவிட்டார்களாம்.) பின்பெட்டிகளில் எங்கள் கம்பெனிப் பெண்கள்.

சிகரெட்டை மணலில் சொருகியது ஒரு நொடி. அந்த விஷயத்தில் நான் கைதேர்ந்தவன். ஆனால் நெஞ்சுக்குள் இருந்த புகையை எந்த வாளியில் சொருகுவது? அபி கையசைத்தாள்.

“அப்பா, அங்கன என்ன செய்யுதீக?”

பதில் சொன்னால் புகை வரும். சிரித்தாலும் வரும். ஏதோ மேற்பார்வைக்கு வந்தவனைப் போல நிமிர்ந்து நின்று, கையை இடுப்பில் வைத்து, விசிலை எடுத்து வாயில் கவ்வினேன். அதுவரை என் அறிவைப் பாராட்டத்தான் வேண்டும். அதற்குமேல் மூச்சை அடக்க முடியவில்லை. உள்ளே இருந்தது அத்தனையும் விசில் வழியாக வந்தது. அவ்வளவு நீளமாக நான் கம்பெனியில்கூட ஊதியதில்லை. சத்தம் பார்க் முழுக்கக் கேட்டது. விசிலின் மேல் ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் புகை நிதானமாக மேலே போனது.

பின்பெட்டிப் பெண்கள் நகர்ந்துகொண்டிருந்த ரயிலிலிருந்து இறங்கி ஓடினார்கள். பாப்கார்னைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அலைக்குளத்திலிருந்து ஈர வேட்டியோடும், ஐஸ்கிரீம் வரிசையிலிருந்து வெறுங்கையோடும் ஓடினார்கள். ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் ஓடுவதைப் பார்த்து வேற்றூர்க்காரர்கள் சிலரும் எதற்கென்று தெரியாமலே ஓடினார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்திருக்கிறது. மூன்று நிமிடத்தில் அத்தனை பேரும் அதன் அடியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னால் அவர்கள் செய்ததே இல்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

கணக்கெடுக்க நான் இல்லாததால் கருப்பசாமி எழுந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாராம். எல்லாரும் ‘இருக்கேன்’ என்றார்களாம். கடைசியில் போர்மேன் என்று கூப்பிட்டபோது சத்தமே இல்லை. அண்ணாச்சி உள்ளே மாட்டிக்கொண்டார் என்று இரண்டு பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்களாம். கருப்பசாமி நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்து, என்னைத் தேடி மறுபடி உள்ளே வந்தார்.

அதற்குள் இங்கே ரயில் நின்றிருந்தது. நீள விசிலுக்கு ஓட வேண்டும் என்பது அபிக்கும் தெரியும். வீட்டில் அவளுக்கு அது விளையாட்டு. அவள் ஓடவில்லை. இறங்கி நேராக வேலியோரம் வந்து நின்றாள். வழக்கமாகச் சாயங்காலம் செய்வதை அன்று காலையிலேயே செய்தாள். எக்கி நின்று என் சட்டையை மோந்து பார்த்தாள். அன்றைக்குக் கந்தகம் இல்லை. துவைத்துத் தேய்த்த சட்டை.

அவள் திரும்பி அம்மாவிடம் போய்விட்டாள். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

கருப்பசாமி குழு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் ‘புகைப்பிடிக்கும் பகுதி’ என்ற பலகை. அவர் பலகையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, ஒரு வாரம் போதுமா?”

அவருக்குப் பின்னால் பார்க் மேனேஜர் வந்தார். வேலிக்குள் நின்று விசில் ஊதிய மனிதர் யார் என்று விசாரித்தவருக்கு யாரோ என் பெயரையும் உத்தியோகத்தையும் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ படித்த பெயராக இருக்கிறதே என்று ஆலோசனை நோட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தார். நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார். ‘குழந்தைகளின் கண் படும் இடத்தில் இதை வைத்தவர்களுக்கு மனசாட்சி உண்டா?’ என்ற வரியில் கொஞ்சம் நிறுத்தினார். இது நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல கருத்து சார் என்றார். அதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் என்னிடம் கோபப்படவில்லை. மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டுத் தோள்கள் மட்டும் அவ்வப்போது குலுங்கின. திருமங்கலம் தாண்டியதும் அபி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்க கம்பெனியில சிகரெட் குடிக்க எடம் எங்கனப்பா இருக்கு?”

“அங்கெல்லாம் கிடையாதும்மா.”

“ஏன் கிடையாது?”

“மருந்து இருக்குல்ல.”



“அந்தப் பார்க்குல நாங்க இருந்தோமே.”

அந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதியவனுக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை. விருதுநகர் வரும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்தது கண்ணாடியை அல்ல.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொண்ணூற்று நான்கு தாள்களையும் கிளிப்போடு என்னிடமே கொடுத்துவிட்டாள். “இத நீங்களே வச்சுக்கங்க” என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். மறுநாள் சாயங்காலம், கையில் ஒரு தாளோடு வந்து மறுபடி என் சட்டையை மோந்து பார்த்தாள். பின்பக்கம் ‘1’ என்று எழுதினாள். அந்த முறை அவள் நூறு தாள்களையும் வகுப்பில் காட்டினாள். அத்தனையும் உண்மை. நூறோடு நிறுத்தவும் இல்லை. பழைய கிளிப் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சிகரெட் நினைப்பு வரும் நாளில் எடுத்துப் பார்ப்பேன்.

கம்பெனியில் இப்போது விசில் இல்லை, சைரன்தான். விசில் ஊதினால் ஓடாமல் முதலில் என் மூக்கைப் பார்க்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்துபோனது. அந்தப் பார்க்கில் அந்த வேலியையும் எடுத்துவிட்டார்களாம். இப்போது அங்கே பஞ்சுமிட்டாய் விற்கிறார்கள் என்று போய்வந்த கருப்பசாமி சொன்னார். ஆலோசனையை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அபி இப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சாயங்காலம் அம்மாவோடு போனில் பேசுவாள். பேச்சுக்கு நடுவே எங்கள் அடுப்பில் குக்கர் ஆவியோடு ஒரு விசில் விட்டால் போதும். சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிடுவாள்.

“அம்மா, அப்பா எங்கன?”

மாரீஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை என் பக்கம் நீட்டுவாள். எங்கே இருந்தாலும் நான் உடனே குரல் கொடுத்தாக வேண்டும்.

“இருக்கேன்ம்மா.”