ஈயத்தாரின் உப்பிப்போன துவக்கு

லண்டனில் தமிழர் கோயில் கட்டியிருக்கிறார்கள், கடை திறந்திருக்கிறார்கள், கவுன்சில் தேர்தலில் நின்று ஒருவரையொருவர் தோற்கடித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட் ஹாம் நகைக்கடை ஒன்றின் நடுவில் நின்று "என்ர துவக்கு! என்ர துவக்கு!" என்று கத்திவிட்டு, அதே கடையில் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த தமிழர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் ஈயத்தார். ஓயாமல் ஈயம் உருக்கியதால் வந்த பட்டப்பெயர் அது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கி, முதல் வேலையும் கிடைத்து, நோர்பரியில் அவர் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். வார நாட்களில் அவர் கவுன்சிலின் பார்க்கிங் பிரிவில் உத்தியோகம். சனிக்கிழமையானால் நகரத்துக்கு வெளியே இருந்த துப்பாக்கிக் கழகம். பொலிஸ் அனுமதியும் இரண்டு பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியுமாக அவர் வைத்திருந்தது ஒரு பழைய அமெரிக்கத் துவக்கு. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் 'சளக் சளக்' என்று அடுத்த தோட்டா ஏறும். அவரைவிட அதற்கு வயது கூட.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆள், துவக்கு வாங்கி வச்சிருக்கிறியளே அண்ணை?" என்று கோயிலில் ஒருவர் கேட்டார்.

"நான் சுடுறது பேப்பரை. பேப்பருக்குத் தாய் தேப்பன் இல்லை" என்றார் ஈயத்தார்.

கழகச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கியது. பழைய துவக்கு, தானே வார்த்த ஈயக்குண்டு: இந்த இரண்டையும் வைத்து வருடாந்தப் போட்டியில் வென்றவர்களின் பெயர் பொன் எழுத்தில் அதில் இருக்கும். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். "அதில எங்கட பெயர் ஒண்டு ஏறவேணும் தம்பி. வாசிக்கிறவனுக்கு நாக்குச் சுளுக்கவேணும்" என்பார்.

நாக்குச் சுளுக்கும் நாள் மட்டும் வரவில்லை. குண்டுகள் வாழையிலை அகலத்துக்குச் சிதறின. சில பக்கவாட்டில் புரண்டுபோய்ப் பேப்பரில் சாவித் துவாரம்போல ஓட்டை போட்டன. குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டுவதிலேயே ஞாயிறு போய்விடும்.

ஈயம் உருக்குவது பின்வளவுக் கொட்டிலில். டயர் கடைக்காரர் சக்கரங்களிலிருந்து கழற்றி எறியும் ஈயக்கட்டிகளை வாங்கிவந்து, கலியாணத்துக்குப் பொன்னுருக்க நாள் பார்ப்பதுபோல நாள் பார்ப்பார். கண்ணாடி, கையுறை, தோல் ஏப்ரன் எல்லாம் மாட்டி, கொட்டில் கதவை அகலத் திறந்து வைப்பார். அவர் மனைவி, எனக்கு அக்கா, குசினிச் சட்டி ஒன்றையும் அந்தப் பக்கம் விடமாட்டா. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கேட்பா:

"பொன்னுருக்கு நடக்குது சரி. பொம்பிளை ஆரப்பா?"

"அலுமாரிக்குள்ள நிக்கிறா!"

குண்டுக்குப் பூச மெழுகோடு நல்லெண்ணெய் கலப்பார். அவர் சுட்டால் கழகம் முழுக்கத் தீபாவளிக் காலை மணக்கும். பக்கத்தில் சுடும் வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சி, "லஞ்ச் ரெடியா?" என்று கேட்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து இரவிரவாக வாசித்துச் சொன்னேன். வெள்ளீயம் சேர் என்றது புத்தகம், சேர்த்தார். வெடிமருந்தைக் குறை என்றது, குறைத்தார். குண்டுகள் புத்தகம் வாசிக்காதவை, தங்கள் எண்ணப்படியே போயின. "துவக்குக்கு ஓய்வு குடுங்கோ" என்றார் கழகத் தலைவர், சிவப்பு மீசைக்காரர். ஈயத்தார் வீட்டுக்கு வந்ததும் குழலை மறுபடி சுரண்டத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அக்கா எங்கள் இருவரையும் ஈஸ்ட் ஹாமுக்கு அனுப்பினா. அவவின் தம்பிக்கு அங்கே நகைக்கடை. ஈயத்தாரின் கலியாண மோதிரம் விரலில் ஏறாமல் ஒரு வருடமாயிற்று, அதைப் பெருப்பிக்கவேண்டும்.

அந்தத் தம்பி, ஈயத்தாரின் மச்சான், அளவு வளையங்களை ஒவ்வொன்றாக விரலில் போட்டுப் பார்த்தார். "அத்தான், பழைய அளவை மறவுங்கோ. வயசுக்கு எல்லாம் உப்பும்."

ஈயத்தார் விரலைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கூச்சல்.

"என்ர துவக்கு! என்ர துவக்கு!"

கவுண்டரில் நின்ற பிள்ளை மணியை அமுக்கிவிட்டாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணமகளின் தாயார் தட்டையும் அணைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். நான், ஏனென்று இன்றுவரை தெரியாது, இரண்டு கையையும் தூக்கினேன்.

"பயப்பிடாதேங்கோ, இவர் என்ர அத்தான்!" என்று மச்சான் கத்தினார்.

"அவரிட்டத் துவக்கு இருக்கோ?" என்றது மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல்.

"ஓம், வீட்டில!" என்றார் ஈயத்தார், பெருமையாக.

எல்லாரும் எழும்பித் தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு விளக்கினார். இத்தனை வருடம் சுட்டுத் தேய்ந்து குழல் அகன்றுவிட்டது. இவரோ வார்த்த குண்டை, புத்தகம் சொன்ன அளவுக்கு அச்சில் போட்டு நெருக்கி மெலிய வைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த குண்டு குழலைப் பிடிக்காமல் ஆடும். இடைவெளியால் பாயும் சூட்டுக்காற்று ஈயத்தை உருக்கி உள்ளே அப்பும்.

தோட்டா இல்லாத வெறுங்குழலுக்குள் ஒரு மெத்தென்ற ஈயத்துண்டை மரக்கம்பால் தள்ளி, குழலின் அகலத்தை அதில் பதித்து எடுத்து, மறுபடி ஈஸ்ட் ஹாம் போனோம். மச்சான் தங்கம் அளக்கும் கருவியால் அதை அளந்தார். புத்தக அளவைவிட ஒரு மயிரிழை அகலம் கூட! அன்றிலிருந்து ஈயத்தார் குண்டை மெலிய வைப்பதை விட்டார். குண்டு கொழுத்தது, ஈயம் கொஞ்சம் மிருதுவானது, வேகம் குறைந்தது.

போட்டி நாளில் சுட்டு முடித்ததும் அவர் இலக்குப் பேப்பரைக் கையில் எடுத்து, சோற்றுப் பெட்டியைத் திறந்தார். அக்கா கட்டித் தந்த, நடுவில் துளையில்லாத தட்டைப் பருத்தித்துறை வடை ஒன்றை எடுத்து ஓட்டைகளின்மேல் வைத்தார். ஓர் ஓட்டையும் வெளியே தெரியவில்லை.

சிவப்பு மீசைக்காரர் குனிந்து பார்த்தார். வடையைத் தூக்கி ஓட்டைகளை அளந்தார். மற்ற எல்லாருடைய பேப்பரையும் அளந்தார். பிறகு வடையைக் கடித்துக்கொண்டே ஈயத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடிவை அறிவித்தபோது, அந்த நீளமான பெயரை நடுவில் மூச்சு வாங்கி, நாக்குச் சுளுக்க, முழுதாக வாசித்தார். நான் தட்டிய கைதட்டலில் என் உள்ளங்கை சிவந்தது.

ஈயத்தார் உடனே வீட்டுக்குப் போன் எடுத்தார். "இஞ்சரப்பா, பலகையில ஏறிட்டன்!"

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது: "சந்தோசம். மோதிரம் விரலில ஏறிட்டுதோ?"

மோதிரம் இன்னும் மச்சானின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

நான் ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறியபோது அந்தப் பேப்பரைச் சுருட்டி என் கையில் தந்தார். "உன்ர பட்டப் படத்துக்குப் பக்கத்தில மாட்டு. ரெண்டும் லேசில வந்ததில்லை." வடையின் எண்ணெய் வட்டத்தோடு அது இன்றும் என் முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் என் பட்டத்தை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள். "எங்கட அண்ணை சுட்டது" என்பேன். அதற்குள் அவர்களுக்குக் கதிரையும் இழுத்துப் போட்டிருப்பேன்.