யானை குளித்தால் போதுமா?

பரீட்சை அப்பா என்றோர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதா? தெரியும், தெரியும். பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னைக்கு என்ன எழுத்து?" என்று கேட்பவர், விருந்தாளி காப்பியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து "கண்ணு, மாமாவுக்கு ஏ பி சி டி சொல்லு" என்பவர், பிள்ளை சொல்லிவிட்டால் "நான் சொல்லிக் கொடுத்தது", திணறினால் "அப்படியே அவங்கம்மா" என்று தீர்ப்பெழுதுபவர். இந்த இனம் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் ஒரகடத்துப் பக்கம் ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் படப்பைக்கு வாடகைக்கு வந்து சேர்ந்த நம்ம காசிராஜனைப் போல அசல் சரக்கு கிடைப்பது அரிது.

காசிராஜனுக்குச் சங்கரன்கோவில் பக்கம். கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பொருளைக் கையில் எடுப்பார், திருப்புவார், ஒரு கீறல் கண்ணில் பட்டால் போச்சு: சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்! ரீவொர்க்குக்கு அனுப்பு" என்று திருத்தத்துக்குத் திருப்பிவிடுவார். நல்ல மனிதர். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. லைனை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார், அது ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

மகள் வேல்விழிக்கு நாலு வயது ஆகப்போகிறது. அவரும் மனைவி மாரிசெல்வியும் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் சத்யபாமா டீச்சர் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள். அங்கே கதை உண்டு, பாட்டு உண்டு, பெரிய பெரிய படம் போட்ட புத்தகங்கள் உண்டு. வாண்டுகள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்த கதையை வெகு கம்பீரமாகப் படிக்கும். சிலேட்டு மட்டும் கிடையாது. மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

"இன்னைக்கு என்னட்டி சொல்லிக் குடுத்தாவ?"

"யானை குளிச்சிச்சு!"

"சரி, பொறவு?"

"பொறவும் குளிச்சிச்சு!"

காசிராஜன் வாசலிலேயே டீச்சரைப் பிடித்துக்கொண்டார். "ஏன் டீச்சர், யானை குளிச்சா எம் புள்ள கலெக்டர் ஆயிருமா?"

"கதையில ஆசை வந்துட்டா எழுத்து பின்னாடியே ஓடி வரும் சார். என்ன அவசரம்?" என்றார் சத்யபாமா.

ஆசையாம், ஆசை! ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்குப் பேசினால், அண்ணன் மகன், இவளைவிடப் பொடியன், அகர வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். இவள் ரிசீவரை வாங்கி, "பெரியப்பா, யானை குளிச்சிச்சு" என்கிறாள். மீட்டர் வேறு ஓடுகிறது. மானம் போகாதா?

அன்று சாயங்காலமே வீட்டுச் சுவரில் ஒரு போர்டு ஏறியது. 'இன்றைய இலக்கு: அ, ஆ, இ, ஈ.' தப்பாகச் சொன்ன எழுத்துக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கொஞ்ச நாளில் போர்டுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"புள்ள என்ன போல்ட்டா, நட்டா? சும்மா வுடுங்க" என்றாள் மாரிசெல்வி. யார் காதில் விழுந்தது?

விளைவு? எழுத்தும் வரவில்லை, இருந்த யானையும் போயிற்று. புத்தகத்தைக் கண்டால் வேல்விழி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். காப்பகத்திலும் கதை நேரத்தில் சுவரோரம் போய், வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆத்துல என்ன சார் பண்றேள்? புக்குன்னா உசிரா இருந்த கொழந்தை, பார்த்தாலே ஓடறா. எனக்கே பயமா இருக்கு" என்றார் சத்யபாமா.

காசிராஜனுக்கும் உள்ளுக்குள் பகீர் என்றது. காட்டிக்கொள்வாரா? கோளாறு காப்பகத்தில்தான் என்று முடிவு கட்டினார். கம்பெனிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட் வருவார்களே, அந்த மாதிரி ஒரு நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, பட்டப்பகலில் காப்பகத்து ஜன்னலோரம் வந்து நின்றார்.

"இன்னா சார், பாப்பாவ இட்டுக்கினு போவ வந்தீங்களா?" என்றாள் ஆயா செல்லம்மாள்.

"உஷ்!"

உள்ளே விளையாட்டு நேரம். வாண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எதிரே வேல்விழி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறாள். அந்த நடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது காசிராஜனுக்கு.

"சொல்லுட்டி! இது என்ன எழுத்து?"

வாண்டு முழித்தது.

"ரிஜெக்ட்! ரீவொர்க்கு!" நெற்றியில் பளிச்சென்று சிவப்பு ஸ்டிக்கர். காலையில் காணோமே என்று அவர் வீடெல்லாம் தேடிய அதே ஸ்டிக்கர் சுருள்! "எனக்கு, எனக்கு" என்று மற்றதெல்லாம் நெற்றியை நீட்டுகிறது.

"அப்பா வெளாட்டாம் சார்," செல்லம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னிக்குப் புச்சா ஆரம்பிச்சிக்கீது. ஷோக்கா கீது!"

சத்தம் கேட்டு வேல்விழி திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு அணைந்தது. சுருள் முதுகுக்குப் பின்னால் போனது. அந்தப் பார்வை காசிராஜனுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற பிள்ளை இப்படியா பார்க்கும்? உள்ளே போய், யூனிஃபார்மோடு வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நானும் வெளாட்டுக்கு வாரேன்."

வேல்விழி யோசித்தாள். பிறகு யானைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "படி."

இதென்ன பிரமாதம்! மெஷின் பக்கத்தில் தொங்கும் பாதுகாப்பு விதிகளை வாசிப்பதுபோல் வாசித்தார். "யானை குளத்திற்குச் சென்றது. யானை குளித்தது."

"எப்பிடிக் குளிச்சிச்சு?"

"எப்பிடின்னா... குளிச்சிச்சு. அவ்வளவுதான்."

"ரிஜெக்ட்!"

காப்பகமே கைதட்டியது. வேல்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நெற்றியில் அவள் ஒட்டிய ஸ்டிக்கரை மறந்து அவர் அப்படியே கம்பெனிக்குப் போக, கேட் வாட்ச்மேன் சல்யூட் அடிக்க முடியாமல் தவித்தது தனிக்கதை.

ரீவொர்க் வீட்டில் நடந்தது. போர்டு இறங்கியது, காப்பகத்திலிருந்து யானைப் புத்தகம் இரவல் வந்தது. காசிராஜன் கையைத் தும்பிக்கையாக்கிப் பிளிறினார், வாளித் தண்ணீரை வாரி இறைத்தார், மாரிசெல்வி தொப்பலாக நனைந்தாள். மறுபடி, மறுபடி, அதே யானை. ஒரு நாள் மடியில் இருந்த வேல்விழி, படத்தை விட்டுவிட்டு அதன் கீழே அச்சடித்திருந்ததில் விரலை வைத்தாள்.

"அப்பா, இங்கயும் யானை!"

காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு மனிதராக இருந்தால் அதோடு வாயை மூடியிருப்பார். இனம் விடுமா?

"அடி என் ராசாத்தி! அதுக்கு அடுத்தது என்ன எழுத்து?"

வேல்விழி மடியிலிருந்து இறங்கிப் போய், சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பக்கத்தில் உங்கள் பிள்ளை இருந்து, "எங்கே, இந்தக் கதையில என்ன புரிஞ்சுது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்க இப்போதே நாக்கு துறுதுறுக்கிறது என்றால், எதற்கும் நெற்றியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.